ஒற்றைப் படிக வார்ப்பு: டென்ட்ரைட் இடைவெளி குறித்து ஒரு விளக்கம் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சி.எம்.எஸ்.எக்ஸ்-4 என்னும் நிக்கல் சூப்பர்அலாயை (உயர்வெப்பம் தாங்கும் உலோகக்கலவையை), அச்சைச் சூடான பகுதியிலிருந்து மெல்லக் கீழிறக்கித் திண்மமாக்கும் வழக்கமான பிரிட்ஜ்மன் உலையிலும், உருகிய வெள்ளீயத்தில் அச்சை அமிழ்த்திக் குளிர்விக்கும் முறையிலும் வார்த்து, இரண்டின் நுண்ணமைப்பையும் ஒப்பிட்டு வருகிறேன். முதன்மை டென்ட்ரைட்டுகளின் (திண்மமாகும்போது மரம்போல் கிளைத்து வளரும் படிகத் தண்டுகளின்) இடைவெளி முதல் முறையில் ஏறத்தாழ 400 மைக்ரானாகவும் இரண்டாவதில் 250 மைக்ரானாகவும் இருக்கிறது. வெப்பநிலைச் சரிவை (தொலைவுக்கேற்ப வெப்பநிலை மாறும் வீதத்தை) இரு மடங்காக்கினால் இடைவெளி சுமார் 29 விழுக்காடு குறையும் என்றும், அச்சைக் கீழிறக்கும் இழுப்பு வேகத்தை இரு மடங்காக்கினால் 16 விழுக்காடுதான் குறையும் என்றும் கோட்பாடு கூறுவதால், இந்த வேறுபாட்டில் எனக்கு வியப்பில்லை.

என் ஐயம் அடுத்த கட்டத்தைப் பற்றியது. அணுக்கள் பரவிச் சமன்படும் விரவல் நேரம் இடைவெளியின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்றால், நுண்மையான வார்ப்புக்குக் கரைசல் வெப்பப்பதனம் (கலவையைச் சீராக்க உயர்வெப்பத்தில் வைத்திருக்கும் கட்டம்) ஐந்தில் இரண்டு பங்கு நேரத்திலேயே முடிந்துவிட வேண்டும். ஆனால் டென்ட்ரைட்டின் நடுத்தண்டில் குவியும் ரீனியம் மிக மெதுவாக நகரும் தனிமம் என்பதால், டென்ட்ரைட்டுகளுக்கு இடையே கடைசியாகத் திண்மமாகி எஞ்சிய காமா-காமா பிரைம் யூடெக்டிக் (இரு கட்டங்களின் கலவை) கரைந்த பின்னும் ரீனியம் சமன்படாமல் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். நடைமுறையில் இந்நேரத்தை எவ்வளவு குறைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்று: இழுப்பு வேகத்தைக் கூட்டியபோது, வார்த்த டர்பைன் அலகின் அகன்ற மேடைப்பகுதியின் விளிம்பில் வேற்றுப் படிகமணிகள் முளைத்தன. திண்மமாகும் முகப்பு உலையின் சூடான பகுதியையும் குளிர் பகுதியையும் பிரிக்கும் தடுப்புக்குக் கீழே இறங்கி, குழிந்து வளைவதே காரணம் எனக் கருதுகிறேன். வெள்ளீயத்தின் மேல் வெப்பத் தடுப்பாக மிதக்கும் பீங்கான் மணிப் படலத்தின் தடிமனை மாற்றி இதைச் சரிசெய்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.