கம்பியில்லா வீட்டு அலாரம்: மாலையானால் பின்கதவு சென்சர் தொடர்பை இழக்கிறது, என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை மகள்:
வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள வீட்டில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கம்பியில்லா அலாரம் பொருத்தினோம். மண்டபத்தில் அசைவு சென்சர், கதவுகளில் காந்த சென்சர்கள், வெளியே ஒரு சைரன். தொடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இப்போது பின்கதவு சென்சர் “தொடர்பு இல்லை” என்று காட்டுகிறது. பெரும்பாலும் மாலைக்குப் பிறகுதான், விடிந்ததும் தானாகவே சரியாகிவிடுகிறது. மண்டபத்தில் உள்ளதோ ஆள் நடமாட்டமே இல்லாத நள்ளிரவில் அலறுகிறது. அப்பா இருதய நோயாளி. அவர் திடுக்கிட்டு எழுவதைப் பார்க்க முடியாமல் அம்மா இப்போது அலாரத்தைப் போடுவதையே விட்டுவிட்டார்.

பொருத்தியவர் வந்து பற்றரியை மாற்றிவிட்டுப் போனார், பலன் இல்லை. இன்னொருவர், கம்பி இழுத்தால்தான் நம்பலாம், இவையெல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறார். தொழிலில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

தெஹிவளைப் பழைய கை:
தங்கச்சி, நான் கம்பி இழுத்துப் பழகியவன். புதிதாகக் கட்டும் வீடு என்றால் இன்றும் சுவர் பூசுவதற்கு முன் கம்பியைப் போடச் சொல்வேன். கம்பியின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். யாராவது வெட்டினாலும், இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினாலும் அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி கண்டுபிடித்துவிடும். அதே வேளை, கூரைக்குள் எலி கம்பியைக் கடித்த வீடுகளையும், ஏப்ரல் இடிமழையில் நீளக் கம்பி வழியே மின்னழுத்தம் ஏறிப் பெட்டி கருகிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். கட்டி முடித்த வீட்டை இதற்காக உடைக்கச் சொல்ல மாட்டேன்.

கம்பியில்லாதவை எல்லாம் ஒன்றல்ல. புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைப் பெட்டிகள் பலவற்றில், சென்சர் எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். அது பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. சென்சர் செத்துக் கிடந்தாலும் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அந்தக் குறியீட்டைப் பதிவுசெய்து திரும்ப அனுப்புவதும் கடினமல்ல. அந்த ரகத்தை ஒரு வீட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுடையது சென்சரைக் காணவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறது. குறித்த இடைவெளியில் சென்சர் தான் இருப்பதை அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் பெட்டி முறையிடும் என்ற ரகம் அது. அதைக் குறைசொல்ல வேண்டாம். பெட்டி எங்கே இருக்கிறது? பின்கதவு மரமா, இரும்பா?

கொட்டாஞ்சேனை மகள்:
நன்றி ஐயா. அலைவரிசை 868 என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. அது அப்பாவின் அறையில், இரும்பு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. பின்கதவு மரம். நடைக்கும் சமையலறைக்கும் இடையே அண்மையில் இழுத்துப் பூட்டும் இரும்புக் கிறில் ஒன்று போட்டோம்.

நுகேகொடைப் பொருத்துநர்:
அக்கா, அந்தக் கிறிலை அம்மா எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்? 868 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். இழுத்து மூடிய கிறிலின் இடைவெளிகள் அதைவிட மிகச் சிறியவை. அலையின் பெரும்பகுதி அங்கேயே தடைபடும். போதாததற்குப் பெட்டியும் இரும்பு அலுமாரியின் மேல். எங்கள் தொழிலில் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று உண்டு. காலையில் வந்து, கதவெல்லாம் திறந்து கிடக்கச் சமிக்ஞையை அளந்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். வீட்டுக்குக் காவல் தேவைப்படுவதோ எல்லாம் பூட்டிய இரவில். கிறிலையும் அறைக் கதவையும் மூடிவிட்டுப் பெட்டியின் பரிசோதனை நிலையில் மறுபடி அளந்து பாருங்கள்.

மண்டபத்துச் சென்சருக்குப் பக்கத்தில் இரவு விளக்கு எரிகிறதா? விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். சில சென்சர்கள் நாய், பூனையை உருவ அளவு பார்த்து ஒதுக்கிவிடும். ஆனால் லென்சின் மேலேயே ஊரும் பல்லி அதன் கண்ணுக்கு ஆள் அளவு பெரிது. மூடியைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். சுவரோடு உள்ள இடைவெளியைச் சிலிக்கனால் அடைத்து, விளக்கிலிருந்து தள்ளி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மட்டக்குளி மின்பட்டறை:
கடற்கரை வீடு என்பதால் ஒன்று சேர்க்கிறேன். பற்றரியை மாற்றினால் மட்டும் போதாது, அது அமரும் தகடுகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை படிந்திருந்தால் புதுப் பற்றரியும் பயனில்லை. சென்சரில் போடும் சிஆர்123 லித்தியம் பற்றரி தேய்ந்திருந்தாலும், சும்மா மீற்றரில் அளந்தால் 3 வோல்ட் காட்டலாம். சென்சர் அலை அனுப்பும் கணத்தில்தான் அழுத்தம் விழும். அதே அளவில் கிடைக்கும், திரும்ப மின்னேற்றக்கூடிய பற்றரிகளைப் போட வேண்டாம், பலவற்றின் அழுத்தம் கூடுதல்.

இன்னொன்று, மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அந்தக் காலத்தில் பெட்டிகளுக்குள் இருந்த 12 வோல்ட் ஈயப் பற்றரிகள் நாள்தோறும் அடிவரை வடிந்து வீணாகின. கம்பிப் பெட்டி, கம்பியில்லாப் பெட்டி என்ற வேறுபாடே அங்கு இருக்கவில்லை. உங்கள் பெட்டி ரவுட்டரை மட்டும் நம்பியிருக்கிறதா, சிம்மும் உண்டா? மின்சாரம் போனதும் ரவுட்டர் அணைந்துவிட்டால், வீட்டில் சைரன் ஒலித்தாலும் உங்கள் கைத்தொலைபேசிக்குச் செய்தி வராது.

கொட்டாஞ்சேனை மகள்:
எல்லோருக்கும் நன்றி. கிறிலைத் திறந்து வைத்தபோது பின்கதவுக்குச் சமிக்ஞை மூன்று கோடு. இழுத்து மூடியதும் ஒன்றுமில்லை. பெட்டியை நடையில் ஒரு கதிரையின் மேல் வைத்துப் பார்த்தோம், கிறில் மூடியிருந்தும் இரண்டு கோடு நின்றது. மண்டபத்துச் சென்சரின் பின்னால் பல்லி எச்சமும், வெள்ளையாக ஒரு முட்டையும். துடைத்து, அடைத்து, விளக்கையும் மாற்றினோம். பின்கதவு சென்சரின் ஒரு தகட்டில் பச்சை படிந்திருந்தது, அதையும் சுரண்டிவிட்டோம். சிம் போட இடம் இருக்கிறது, ஆனால் போடவில்லை, நாளை வாங்குகிறேன். அம்மா நேற்று அலாரத்தைப் போட்டுவிட்டுத்தான் படுத்தார். பெட்டியை நடையிலேயே நிரந்தரமாக வைக்கலாமா?

தெஹிவளைப் பழைய கை:
வைக்கலாம் தங்கச்சி. ஆனால் கிறிலுக்கு அந்தப்பக்கம் நின்று கையையோ தடியையோ நீட்டி எட்ட முடியாத இடமாக, தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். நடையைப் பார்த்தபடி ஓர் அசைவு சென்சர் கூடுதலாகப் போடுங்கள். பெட்டியை நெருங்குபவர் அதில் பட வேண்டும். இரண்டு கோடு எனக்குப் போதாது. ஒரு கிழமை பெட்டியின் நிகழ்வுப் பதிவைப் பாருங்கள். ஒரு முறையேனும் பின்கதவு விடுபட்டிருந்தால், அதே நிறுவனத்தின் சமிக்ஞை நீட்டிப்பான் ஒன்றைக் கிறிலுக்குச் சமையலறைப் பக்கமாக, பிரிட்ஜிலிருந்து விலக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். கிறிலைப் பூட்டிவிட்டு அளந்து காட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.