வங்கி இணைப்பு: எல்லாம் ஒரே மாதத்தில் மாறத்தான் வேண்டுமா?

கவுண்டர்3: எங்கள் வங்கி வேறொரு பெரிய வங்கியோடு இணைந்தது. ஞாயிறு இரவு மென்பொருள் மாறியது. திங்கள் காலை பென்ஷன் வாங்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். என் பக்கத்து அக்கா 22 வருட கேஷியர். பழைய மெனு எண்கள் அவர் விரலிலேயே இருந்தன. அன்று ஒரு பாஸ்புக் பதிவுக்கே திணறினார். அதே மாதம் புதுப் படிவங்கள், காப்பீடு விற்கும் டார்கெட், இடமாறுதல் பட்டியல் எல்லாம் வந்தன. மூன்றாவது வாரம் விருப்ப ஓய்வு பற்றி விசாரித்தார். கொஞ்சம் நிதானமாகச் செய்தால் என்ன?

மைக்ரேஷன்காரன்: வங்கிக் கணக்குகளைப் புது மென்பொருளுக்கு மாற்றும் வேலையைத்தான் நான் செய்கிறேன். ஒரே கணக்கின் இருப்பை இரண்டு மென்பொருளில் வைத்துக்கொண்டு கிளை நடத்த முடியாது. ஒரு இரவில் மாற்றித்தான் ஆக வேண்டும். இழுத்தடித்தால் ஊழியர்கள்தான் இரண்டு முறையையும் சுமக்க வேண்டும்.

பழையலெட்ஜர்: அந்த இரவு எப்போது என்பது நம் கையில்தானே இருக்கிறது? 2020 ஏப்ரல் 1 அன்று 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆயின. அலகாபாத் வங்கி அன்றே சட்டப்படி இந்தியன் வங்கியாகிவிட்டது. மென்பொருள் இணைப்பு பல மாதம் கழித்துத்தான் முடிந்தது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புது மென்பொருளுக்கு மாற்றியது. ஏராளமானோர் தங்கள் கணக்கைத் திறக்கவே முடியாமல் தவித்தார்கள். 2022-ல் 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம்.

மைக்ரேஷன்காரன்: டிஎஸ்பி சறுக்கியது சோதனை போதாமல். அதை ஊழியர் திணறலோடு சேர்க்காதீர்கள். ஆனால் டார்கெட்டும் இடமாறுதலும் அதே மாதம் வந்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அது எங்கள் குழுவின் முடிவு இல்லை.

கவுண்டர்3: அதைத்தான் நானும் சொல்கிறேன். மென்பொருள் ஒரே இரவில் மாறட்டும். இடமாறுதலை மூன்று மாதம் தள்ளினால் எந்தக் கணக்கு உதைக்கப் போகிறது? பயிற்சி என்று அரை நாள் ப்ரொஜெக்டரில் படம் காட்டினார்கள். அக்காவுக்கு உண்மையில் கைகொடுத்தது, நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஒரு தம்பிதான். அப்புறம் ஓய்வுப் பேச்சே அவர் எடுக்கவில்லை.

மைக்ரேஷன்காரன்: கிளைக்கு ஒருவர், நான்கு நாள். அத்தனை பேருக்கு எங்கே போவது?

கவுண்டர்3: அந்தத் தம்பி இணைத்துக்கொண்ட வங்கியின் ஆள். அந்த மென்பொருளில் ஆறு வருடமாக வேலை செய்கிறவர். அவருடைய கிளை எங்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மூன்று வாரம் கழித்து, எங்கள் மேனேஜர் போனில் கெஞ்சிய பிறகுதான் அவரை அனுப்பினார்கள்.