புதுப்பிப்பு: அப்பாவோட முதல் கேரவனும் அதை இழுத்த காரும் என்னன்னு தெரிஞ்சுருச்சு

60கள்ல இங்கிலாந்துல அப்பா வாங்குன முதல் கேரவன் (கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற, உள்ளயே தங்குற வண்டி) எது, அதை இழுத்த அம்பாசடர் மாதிரி கார் எதுன்னு போட்டோ போட்டு கேட்டிருந்தேன்ல, உதவுன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பிரிண்ட் வேணாம், நெகட்டிவை ஸ்கேன் பண்ணுங்கன்னு ஒரு அண்ணா சொன்னதுதான் வேலை செஞ்சுது, பெருசாக்கினதும் கேரவன் முகப்புல ஸ்ப்ரைட்னு பேர் தெளிவா தெரிஞ்சுது, இங்கிலாந்துல நியூமார்க்கெட்ங்கிற ஊர்ல சாம் ஆல்பர் கம்பெனி தயாரிச்சது.

கார் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் 3, 1489 சிசி. அம்பாசடர்னு சொன்னவங்களும் தப்பில்ல, இந்த டிசைனை எடுத்துதான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரைக்கும் அம்பாசடரை செஞ்சாங்க.

எதிர்பார்க்காத விஷயம், அதே ரோல்ல கேரவன் உள்ள எடுத்த படமும் இருந்துச்சு, அம்மா சுவத்துல இருக்க கேஸ் விளக்கை ஏத்துறாங்க, நான் பார்த்ததே இல்ல!! இந்த மாதிரி தேடுறவங்க முதல்ல வீட்ல நெகட்டிவ் இருக்கான்னு பாருங்க.