ஆச்சி வீடு, பாளையங்கோட்டை (குடும்பக் குழு)

மீனா: எல்லோருக்கும் வணக்கம். அவருக்குத் தோகாவுக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது. 28ஆம் தேதி கிளம்புகிறோம். அங்கே கொடுத்திருக்கும் குடியிருப்பில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. சீனியை ஆச்சியிடம் விடலாமா?

வள்ளி: தோகாவா! வாழ்த்துகள் அம்மா. எங்களுக்கு இப்போதுதான் சொல்கிறாயே.

கார்த்திக்: சீனி யார்?

வள்ளி: மீனா வீட்டு நாய்.

கார்த்திக்: அந்த லாப்ரடாரா! வளைகாப்பில் அத்தனை பேர் செருப்பையும் மாடிப்படியின் கீழே கொண்டுபோய்ச் சேர்த்ததே!

முருகேசன்: நாய் என்றால் ராஜபாளையம்தான். அம்மா தனியாக இருக்கிறாள். காவலுக்கு உதவ வேண்டும்.

வள்ளி: நம் வீட்டில் இருந்த வீரனைப் போலவா அண்ணா? பால்காரர் தொடையில் பன்னிரண்டு தையல்.

செண்பகம்: ஏழு தையல்.

மீனா: பெரியப்பா, சீனி காவல் நாய் இல்லை. அதை மறைக்க மாட்டேன். கேட்டில் ஆள் வந்தால் இரண்டு முறை குரைப்பாள். உள்ளே வந்துவிட்டால் வாலை ஆட்டுவாள். இனமே அப்படி. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களோடு படகில் போய், நழுவிய மீனையும் கயிற்றையும் குளிர்ந்த கடலில் நீந்தி எடுத்துவந்த நாய்களின் வழி வந்தவள். பிறகு இங்கிலாந்துக்காரர்கள், சுட்டு வீழ்த்திய வாத்தைச் சிதைக்காமல் கவ்விக்கொண்டு வரப் பழக்கினார்கள். 1903இல் அங்கே தனி இனமாகப் பதிந்தார்கள். இவள் வேட்டையே பார்த்ததில்லை. ஆனாலும் கொடியிலிருந்து விழுந்த வேட்டியைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடுவாள். எச்சில் ஈரம் இருக்கும், ஒரு பல் தடம் இருக்காது. மனிதர் கூடவே இருந்து பழகிய பிறவி, பெரியப்பா. கிணற்றடியில் கட்டிப்போட்டால் ஏங்கிப்போவாள். வீட்டுக்குள் ஆச்சி காலடியில் கிடக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்.

செல்வம்: பின்பக்கம் சுவரே இல்லையே மீனா. தெருவுக்கு ஓடிவிட்டால்?

முருகேசன்: சுவர் கட்ட வேண்டும் என்று 2019இலேயே சொன்னேன்.

செல்வம்: யார் பங்கில் கட்டுவது என்றும் சொன்னீர்களா அண்ணா?

முருகேசன்: இச்செய்தி நீக்கப்பட்டது

வள்ளி: ஞாயிற்றுக்கிழமை அப்பா திதி. அதுவரைக்குமாவது சுவரை விடுங்கள். வாழையிலை யார் வாங்குகிறீர்கள்?

செண்பகம்: எத்தனை கிலோ அது?

மீனா: 31 கிலோ பெரியம்மா. மூன்று வயது.

செண்பகம்: அத்தைக்கு 76 வயது. ஒரு இழுப்பு இழுத்தால் விழுந்துவிடுவார்கள். போன ஐப்பசியில் மணிக்கட்டு உடைந்தது மறந்துவிட்டதா?

மீனா: நீங்கள் சொல்வது நியாயம் பெரியம்மா. எனக்கும் அந்தப் பயம்தான். ஆச்சி சங்கிலியைப் பிடிக்கவே கூடாது. காலையும் மாலையும் வேறு யாராவது நடத்த வேண்டும். குளிர் கடலுக்காக அமைந்த இரட்டை ரோமம் அவளுக்கு. நம் ஊர் வெயில் ஆகாது. நடையெல்லாம் வெயிலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும்தான். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும்வரை தாங்க முடியவில்லை என்றால் அவள் பாதமும் தாங்காது. அப்புறம் சாப்பாடு. வயிறு நிறைந்தாலும் கேட்பாள். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பார்வையைப் பார்த்து மனம் இளகி இட்லியாகப் போட்டால் எடை ஏறி இடுப்பு மூட்டு கெட்டுவிடும். வெங்காயம், சாக்லேட், உலர்திராட்சை கூடவே கூடாது. திராட்சையால் சிறுநீரகம் பழுதாகும். உண்ணி வேறு இருக்கிறது. காது மடலின் உள்ளேயும் கால் விரல் இடுக்கிலும் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஆச்சி வீட்டு அலமாரியில் ஒட்டிவிடுகிறேன்.

கார்த்திக்: ஞாயிற்றுக்கிழமை பாயசத்தில் திராட்சை இருக்குமே.

செண்பகம்: முந்திரி மட்டும் போடலாம்.

வள்ளி: மதினி, அப்பா பாயசத்தில் திராட்சையைத்தான் முதலில் தேடுவார். அவர் திதிக்கு அது இல்லாமலா?

செண்பகம்: சரி, நாயை அறையில் வைத்துவிட்டுப் பரிமாறுவோம்.

ஆச்சி: குரல் செய்தி (0:52)

செல்வம்: பஸ்ஸில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. அம்மா என்ன சொல்கிறாள்?

கார்த்திக்: சீனி பாயில் படுப்பாளா, சாக்கில் படுப்பாளா என்று ஆச்சி கேட்கிறாள். மற்றதெல்லாம் வீரனைப் பற்றித்தான். கடைசி நாளில் ஆச்சி சங்கிலியை அவிழ்த்துவிட்டு, வாடா உள்ளே என்று கூப்பிட்டாளாம். பழக்கமில்லாததால் அவன் கிணற்றடியை விட்டு எழுந்து வரவே இல்லையாம்.

வள்ளி: இதை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

மீனா: பாயில்தான் ஆச்சி. மின்விசிறிக்குக் கீழே.

முருகேசன்: சர்க்கரைக்காகக் காலை ஐந்தரைக்கு நடக்கப் போகிறேன். அதற்கு முன்னால் என்னால் எழ முடியாது.

மீனா: ஐந்தரை போதும் பெரியப்பா!

முருகேசன்: முதலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா. இரண்டு இரவு இருக்கட்டும், பார்க்கலாம். நான் சம்மதித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

செண்பகம்: மாலை நடைக்கு யார்?

செல்வம்: சுவர்?

வள்ளி: வாழையிலை யார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.