110 கரோலா புகைப் பரிசோதனையில் இரண்டு தடவை தவறிவிட்டது. ஒட்சிசன் சென்சர் மாற்றியும் பயனில்லை

தெஹிவளை ஆசிரியை:

வணக்கம். அப்பாவின் 1997ஆம் ஆண்டு டொயோட்டா கரோலா 110, ஐந்து ஏ எஃப்ஈ என்ஜின். காரின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் முடிவதற்குப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். புகைப் பரிசோதனையில் இரண்டு தடவை தவறிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் தேறிய கார் இது.

முதல் தாளில் ஐட்லிங்கில் காபனோரொட்சைட்டு 5.2 சதவீதம், ஐதரோகாபன் (எரியாமல் வெளிவரும் பெற்றோல்) 710. என்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்து எடுத்த அளவில் காபனோரொட்சைட்டு 4.6. கராஜில் காட்டினேன். புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் போய்விட்டது என்றார்கள். பஞ்சிகாவத்தையில் நான்கு கடை ஏறி இறங்கி, கழற்றிய சென்சர் ஒன்றை வாங்கிப் பூட்டினோம். இரண்டாம் தாளிலும் ஏறக்குறைய அதே எண்கள். இப்போது புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். கேட்ட விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

அம்மாவை வாரம் இரண்டு நாள் கிளினிக்குக்கு அழைத்துப் போவது இந்தக் காரில்தான். இன்னொரு கார் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. பணத்தைக் கொட்டுவதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதானை ரவுண்டு:

கன்வேர்ட்டர்தான். இந்த வயதுக் கார்களில் அது செத்துப்போயிருக்கும். கழற்றிவிட்டு நேர்க்குழாய் பூட்டுங்கள், இழுவை கூடும். கழற்றியதை உள்ளே உள்ள பிளாட்டினத்துக்காக நல்ல விலைக்கு எடுப்பார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் சீர்செய்து தருகிற இடங்களும் இருக்கின்றன.

கொட்டாஞ்சேனை ஸ்பேனர்:

தங்கச்சி, அதைச் செய்யாதீர்கள். முப்பத்தொரு வருடம் டொயோட்டா என்ஜின்களோடு இருந்தவன் சொல்கிறேன். இந்தப் பரிசோதனை 2008இல் தொடங்கியது முதல், அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கராஜுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பாதிப் பேர் தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள்.

முதலில் தாளைப் படியுங்கள். காபனோரொட்சைட்டு கூடினால், எரிவதற்குக் காற்றுப் போதவில்லை, பெற்றோல் அதிகம் என்று பொருள். ஐதரோகாபன் மட்டும் கூடியிருந்தால் பிளக், வயர், எரியாமல் தப்பும் சிலிண்டர் என்று தேடலாம். உங்களுக்கு இரண்டும் கூடியிருக்கின்றன, அதுவும் இரண்டு வேகத்திலும். யாரோ என்ஜினுக்கு அளவுக்கு மீறிப் பெற்றோல் ஊட்டுகிறார்கள். அது கன்வேர்ட்டரின் வேலையல்ல. கன்வேர்ட்டர் வெளியே வருவதைக் கழுவுகிற இடம். உள்ளே அழுக்கை ஊற்றிக்கொண்டே இருந்தால் நாளை பூட்டும் புதியதும் அளவுக்கு மீறிச் சூடேறி உருகிவிடும்.

பழைய சென்சருக்கு இருந்த குறையின் எண் என்ஜின் கணினியின் நினைவில் இன்னும் கிடக்கலாம். கராஜ்காரர்கள் அதையே திரும்பத் திரும்பப் படித்திருக்கக்கூடும். இந்தக் காரில் அதைப் பார்க்க ஸ்கேனர் தேவையில்லை. பொனட்டைத் திறந்தால் டயக்னோசிஸ் என்று எழுதிய சிறு கறுப்புப் பெட்டி இருக்கிறது. மூடியின் உள்பக்கத்தில் துளைகளின் பெயர்கள் இருக்கும். டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். வேறு துளையில் மாறிக் குத்திவிடாதீர்கள், இரண்டு தடவை சரிபாருங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மீற்றரில் என்ஜின் விளக்கு மின்னும். இரண்டு மின்னல், சிறு இடைவெளி, ஒரு மின்னல் என்றால் 21, அது ஒட்சிசன் சென்சர். 22 என்றால் தண்ணீர் வெப்பச் சென்சர். 31 என்றால் காற்றழுத்தச் சென்சர். நிற்காமல் ஒரே சீராக மின்னினால் குறை பதிவாகவில்லை.

பார்த்த பிறகு சாவியை அணைத்து, கணினியின் நினைவு அழிய ஈஎஃப்ஐ ஃபியூசை அரை நிமிடம் கழற்றிப் பூட்டுங்கள். இரண்டு நாள் ஓடிவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொரு கேள்வி. ஓடும்போது வெப்ப முள் எங்கே நிற்கிறது? சென்ற பரிசோதனைக்குப் பிறகு கார் எங்காவது சூடேறியதா?

மருதானை ரவுண்டு தம்பி, நேர்க்குழாய் பூட்டிய காருக்குப் பின்னால் ஆட்டோவில் வரும் பிள்ளை எதை மூச்சில் இழுக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ஆமர் வீதி நெரிசலில் நாள் முழுக்க நின்று எனக்குத் தலைவலி வந்த காலம் உண்டு.

தெஹிவளை ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் 21 வந்தது. ஃபியூசைக் கழற்றிப் பூட்டி, இரண்டு நாள் பாடசாலைக்குப் போய்வந்த பிறகு பார்த்தால் சீராக மின்னுகிறது. அப்படியென்றால் இப்போது பூட்டியிருக்கும் சென்சர் நல்லதுதானே?

வெப்ப முள்ளை இதுவரை நான் கவனித்ததே இல்லை. மரைன் டிரைவில் ஓடும்போது அடிக்கோட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. காலி வீதி நெரிசலில் நின்றால் மெல்ல ஏறுகிறது, பாதிக்கு வருவதில்லை. என்ஜின் இரைச்சலும் ஐட்லிங்கில் முன்பைவிடக் கூட.

நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நுவரெலியா போகும்போது ரம்பொடை ஏற்றத்தில் சூடேறி, மேல் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் எங்கும் தெறித்தது. வழியில் ஒரு கராஜில் ஹோசை மாற்றினார்கள். "உள்ளே இருந்த வால்வையும் எடுத்துவிட்டேன், நம் நாட்டு வெயிலுக்கு அது வேண்டாம்" என்று அந்த மெக்கானிக் அப்பாவிடம் சொன்னாராம். அப்பாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

கொட்டாஞ்சேனை ஸ்பேனர்:

அதுதான் தெர்மோஸ்டாட். வெயில் நாடு என்று சொல்லி அதை வீசுவது இங்கே பெரிய வழக்கம், பெரிய பிழையும் அதுதான். தண்ணீர் 82 பாகை செல்சியஸ் சூடு வரும்போது அது திறந்து என்ஜினைச் சரியான சூட்டில் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் ஓட்டத்தில் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

ஆனால் அது மட்டும் 5.2க்குக் காரணமாக இருக்காது என்று என் மனம் சொல்கிறது. தெறித்த தண்ணீர் எங்கே விழுந்தது என்று பாருங்கள். இந்த என்ஜினில் இரண்டு வெப்பச் சென்சர்கள் இருக்கின்றன. ஒற்றை வயர் போவது மீற்றர் முள்ளுக்கு. இரண்டு வயர் போவது கணினிக்கு. இரண்டாவதின் கொனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். சென்சரின் தடை சூட்டில் குறையும், குளிரில் கூடும். 20 பாகையில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். கொனெக்டரில் களிம்பு ஏறினால் அதன் தடையும் இதோடு சேர்ந்துகொள்ளும். கணினி என்ஜின் இன்னும் விடிகாலைக் குளிரில் இருக்கிறது என்று நம்பிப் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஒட்சிசன் சென்சர் சொல்வதைக் காதில் வாங்காது. வயர் முழுதாக அறுந்தாலோ ஷோர்ட் ஆனாலோதான் 22 பதிவாகும். பாதி கெட்டது பதிவாகாது.

தெர்மோஸ்டாட்டைப் பூட்டுவதற்கு முன் ரேடியேற்றரைக் கழுவி, விசிறி வேலை செய்கிறதா என்று பாருங்கள். ரம்பொடையில் சூடேறியதற்கு உண்மைக் காரணம் அங்கே இருக்கலாம். வாங்கிய தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே சோதியுங்கள். சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். 95 பாகை வரும்போது வால்வு எட்டு மில்லிமீற்றராவது திறந்திருக்க வேண்டும்.

வத்தளை சன்னி:

ஐயா சொன்னதோடு ஒன்று. இவ்வளவு காலம் பெற்றோல் கூடி ஓடிய காரில் என்ஜின் ஒயிலுக்குள்ளும் பெற்றோல் இறங்கியிருக்கும். அந்த ஆவி பிசிவி வால்வு வழியாக மறுபடி என்ஜினுக்குள் போய்ப் பரிசோதனைத் தாளின் எண்களைக் கெடுக்கும். என் நிசானில் அனுபவப்பட்டேன். ஒயிலை மாற்றிவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

தெஹிவளை ஆசிரியை:

இன்று மூன்றாவது தாள் கிடைத்தது. ஐட்லிங்கில் காபனோரொட்சைட்டு 0.4, ஐதரோகாபன் 130. 2500 சுற்றில் 0.3. தேறிவிட்டது!

கொனெக்டரை நானே கழற்றினேன். பின்களைச் சுற்றிப் பச்சைத் தூள். ஒரு பின் தொட்டதும் உதிர்ந்தது. இரண்டு பின்னையும் மாற்றினோம். ரேடியேற்றரிலிருந்து செந்நிறச் சேறு வந்தது. தெர்மோஸ்டாட்டைக் குசினியில் சட்டியில் தொங்கவிட்டபோது அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். சில நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்முன்னாலேயே மெல்ல வாய் திறந்தது. முள் இப்போது நடுவுக்குச் சற்றுக் கீழே போய் அங்கேயே நிற்கிறது. இரைச்சலும் அடங்கிவிட்டது.

எல்லாம் சேர்த்து, அந்தக் கன்வேர்ட்டருக்குக் கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை ஸ்பேனர்:

மிகவும் சந்தோஷம் தங்கச்சி. அந்தக் கன்வேர்ட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று 0.4 காட்டுகிறது. கன்வேர்ட்டரைக் கெடுக்கும் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்படும் முன்பு இங்கே ஓடிய கார்களில் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் பரிசோதனைக்குப் போகும்போது அரை மணி நேரமாவது ஓடிவிட்டுப் போங்கள். வரிசையில் நெடுநேரம் ஐட்லிங்கில் நின்றால் கன்வேர்ட்டர் ஆறிவிடும், ஆறினால் சரியாக வேலை செய்யாது. உங்கள் முறை வருவதற்கு முன் இரண்டு நிமிடம் 2500 சுற்றில் பிடியுங்கள். இப்போதைக்கு ஒரு வாரம் காலையில் ரேடியேற்றர் தண்ணீரைப் பாருங்கள். குறைந்தால் எழுதுங்கள், என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கெட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.