2016 இத்தாலி: பண்பாட்டுக் கட்டுரை இரங்கல் பட்டியலாக ஆகிவிடாமல் எழுதுவது எப்படி?

கேள்வி:
இத்தாலியின் 2016ஆம் ஆண்டைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இலக்கியம், சினிமா, கலை எல்லாம் சேர்த்து. எழுத உட்கார்ந்தால் இறந்தவர்கள் பெயராகவே வந்து விழுகிறது. ஜனவரி 19 இயக்குநர் எத்தோரே ஸ்கோலா, பிப்ரவரி 19 எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ, ஜூன் 27 நடிகர் பட் ஸ்பென்சர், செப்டம்பர் 16 முன்னாள் குடியரசுத் தலைவர் சியாம்பி, அக்டோபர் 13 நாடகக்காரர் தாரியோ ஃபோ. வரிசையாக அடுக்கிப் பார்த்தேன், எனக்கே படிக்க மனம் வரவில்லை. எதை வைப்பது, எதை விடுவது? எக்கோ எனக்கு ரொம்பப் பிடித்தவர், அவரை இரண்டு வரியில் முடிக்கவும் முடியாது.

பதில் 1:
தேதி வரிசை இருக்கட்டும். இறந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பதுதான் சிக்கல். பிப்ரவரியை மட்டும் பாருங்கள். 19ஆம் தேதி இரவு எக்கோ மிலானில் தன் வீட்டில் இறக்கிறார், வயது 84. மறுநாளே பெர்லின் திரைப்பட விழாவில் இயக்குநர் ஜான்ஃபிராங்கோ ரோசியின் ஆவணப்படத்துக்குத் தங்கக் கரடி விருது. இத்தாலியின் லாம்பெதூசா தீவில் வளரும் ஒரு சிறுவனும், அதே தீவை நோக்கிக் கடலில் வரும் அகதிகளும்தான் அந்தப் படம். 28ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் திரை இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனே 87 வயதில் ஆஸ்கர் வாங்குகிறார். 2007இல் தந்த கௌரவ விருதை விட்டுவிட்டால் அதுதான் அவருக்கு முதல் ஆஸ்கர். இந்தப் பத்து நாளுக்கே கட்டுரையில் பாதி இடம் கொடுக்கலாம்.

எக்கோவுக்கு இன்னும் இருக்கிறது. தான் எழுதிவந்த பதிப்பகம் ஒரு பெரிய குழுமத்தின் கைக்குப் போவது பிடிக்காமல், 80 வயதைத் தாண்டிய மனிதர் நண்பர்களோடு சேர்ந்து புதுப் பதிப்பகம் தொடங்கினார். அவருடைய கடைசிப் புத்தகம் அங்கேதான் வந்தது, அவர் இறந்து சில நாட்களில். மதச் சடங்கு இல்லாத இறுதி நிகழ்ச்சி, அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஸ்ஃபோர்ஸா கோட்டையில். 10 ஆண்டுகளுக்குத் தன்னைப் பற்றிக் கருத்தரங்கு எதுவும் வேண்டாம் என்று வேறு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பதில் 2:
ஃபோவைத் தேதியோடு நிறுத்தாதீர்கள். அக்டோபர் 13 காலையில் மிலானில் அவர் இறந்தார், அன்று மதியமே ஸ்டாக்ஹோமில் இலக்கிய நோபல் பாப் டிலனுக்கு என்று அறிவித்தார்கள். 1997இல் ஃபோவுக்கு அதே பரிசு கிடைத்தபோது, மேடையில் நடிப்பவருக்கு இலக்கியப் பரிசா என்று கோபப்பட்டவர்கள் நிறைய. பாடகருக்கா என்று 2016இல் கேட்டதும் அதே கோபம்தான். நிகழ்த்துகலை இலக்கியமா என்ற பழைய வழக்கு ஒரே நாளில் இரண்டு பக்கமாகத் திரும்பவும் வந்து நிற்கிறது, இதைவிட நல்ல பத்தி உங்களுக்குக் கிடைக்காது. மிலான் பேராலயச் சதுக்கத்தில் மழையில் நனைந்தபடி அவருக்கு விடைகொடுத்த கூட்டத்தையும் ஒரு வரி சொல்லுங்கள்.

சியாம்பியையும் விட்டுவிடாதீர்கள். பொருளாதாரத்துக்காரர் என்று நினைப்போம், ஆனால் ஜூன் 2 குடியரசு தினம் மறுபடி பொது விடுமுறையானது அவர் காலத்தில்தான். பட் ஸ்பென்சருக்கு ஒரு வரி போதும்: 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர்.

பதில் 3:
எல்லோரும் ஆட்களையே பேசுகிறீர்கள், இடங்கள் எங்கே? ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை வட இத்தாலியின் இசேயோ ஏரியின் மேல் கலைஞர் கிறிஸ்தோ மஞ்சள் துணி போர்த்திய மிதக்கும் நடைபாதை போட்டார். தண்ணீரின் மேல் 3 கிலோமீட்டர், 16 மீட்டர் அகலம், கட்டணம் கிடையாது. 16 நாளில் சுமார் 12 லட்சம் பேர் நடந்தார்கள். மனைவி ஜான்-குளோதும் அவரும் 1970இலேயே யோசித்த திட்டம் அது, மனைவி 2009இல் இறந்துவிட்டார், கிறிஸ்தோ தனியாக முடித்தார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஆகஸ்ட் 24, மத்திய இத்தாலியின் சிற்றூர் அமாத்ரிச்சே. நிலநடுக்கத்தில் 299 பேர் இறந்தார்கள், ஊர்க் கோபுரத்தின் கடிகாரம் 3.36இல் நின்றுவிட்டது. அக்டோபர் 30 அன்று நோர்ச்சாவில் புனித பெனடிக்டின் பேராலயம் இடிந்து முகப்பு மட்டும் மிஞ்சியது. பிரபலங்கள் ஐந்து பேருக்கு ஐந்து பத்தி எழுதிவிட்டு இந்த 299 பேரை விட்டால் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்டவர்:
அமாத்ரிச்சேயை நான் பேரிடர் என்று தனிப் பெட்டியில் போட நினைத்திருந்தேன், தப்பு. அது கட்டுரைக்குள்ளேயே வரும், ஏரிக்கு அடுத்து. பிப்ரவரியில் தொடங்கி ஃபோவின் மழையில் முடிக்கிறேன். ஸ்கோலாவுக்கு மட்டும் இன்னும் இடம் பிடிபடவில்லை, அவருடைய 1977 படத்தை இன்று இரவு மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.