வாசலில் இரண்டு படி, அப்பா சக்கர நாற்காலியில்: என்ன செய்யலாம்?

மூத்தமகன்:
மலேசியா, சுங்கை சிப்புட்டில் மலிவுவிலை தரைவீடு, தோட்ட வேலையை விட்டு வந்தபோது வாங்கியது. அப்பாவுக்குப் பக்கவாதம். வாசலில் ஆறு அங்குலத்தில் இரண்டு படி, கொத்தனார் நான்கடிச் சரிவு போதும் என்கிறார். போதுமா? தம்பி தன் ப்ளாட்டுக்கு வரச் சொல்கிறான், நான்காவது மாடி, லிப்ட் கிடையாது, அவனை என்ன சொல்ல!

சிமெண்டுக்காரன்:
நான்கடியா? அண்ணே, நாற்காலி அப்படியே பின்னால் உருண்டு வரும். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பதுதான் கணக்கு, உங்களுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். முன்புறம் இடமில்லை என்றால் சுவரை ஒட்டி வளைத்துக் கட்டுங்கள், ஆனால் திரும்பும் இடம் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளமாக இருக்கட்டும்.

ரெங்கம்மா:
எல்லாரும் வாசலையே பார்க்கிறார்கள், விழுவது என்னவோ குளியலறையில்தான். முதலில் அந்தக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள் தம்பி, உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் தள்ளவே முடியாது. கைப்பிடியைச் செங்கல் சுவரில் பொருத்துங்கள், வெறும் பலகையில் அடித்தால் ஒருநாள் ஆளோடு வந்துவிடும்.

மூத்தமகன்:
நன்றி அக்கா. அரசாங்க உதவி ஏதும் உண்டா?

ரெங்கம்மா:
வயது மட்டும் போதாது. மருத்துவர் உறுதிசெய்த விண்ணப்பப் பாரத்தோடு சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியுங்கள். சக்கர நாற்காலி போன்ற உபகரண உதவிக்கு அந்த அட்டை வேண்டும், வருமானத்தையும் பார்ப்பார்கள்.

சிமெண்டுக்காரன்:
தரைக்கு வழுக்காத ஓடு போடுங்கள். பளபளப்பானது கடையில்தான் அழகு.